ஒரே மணல்... மூணு ஷிஃப்ட்! - ஊரூர் குப்பம் முதல் நீலாங்கரை வரை ஒரு கடற்கரை நடை

சனிக்கிழமை சாயங்காலம். வண்டி நிறுத்த இடம் தேடி நாலு தெரு சுற்றி, ஒருவழியாக மணலில் கால் வைத்து, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம், சுட்ட சோளம் ஒன்று, அலையில் கால் நனைத்து ஒரு செல்ஃபி. எட்டரை மணிக்கு வீடு. சென்னையில் பலருக்கும் பெசன்ட் நகர் பீச் என்றால் இவ்வளவுதான்.

அடுத்த முறை அங்கே போகும்போது கடலைப் பார்த்து நின்று, ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் திரும்பிப் பாருங்கள். இடப்பக்கம், அதாவது வடக்கே, சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் அடையாறு கடலில் கலக்கிறது. வலப்பக்கம் திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் என நீண்டு நீலாங்கரை வரை மணல் போகிறது. மொத்தம் ஏறக்குறைய 7 கி.மீ. டிக்கெட் இல்லை, கேட் இல்லை.

இந்த 7 கி.மீ மணல் ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட் வேலை பார்க்கிறது. விடியற்காலை மீனவர்களுக்கு, சாயங்காலம் நமக்கு, ராத்திரி இன்னொருவருக்கு. அந்த மூன்றாவது ஆள் யாரென்று தெரியாமலேயே பல வருடங்களாக இங்கே வந்து போகிறவர்கள் நிறைய பேர்.

முதல் ஷிஃப்ட்: காலை 5.30, குப்பம் விழிக்கும் நேரம்

வடக்கு முனையில் இருந்து தொடங்கலாம். ஊரூர் குப்பத்தைத் தாண்டிப் போனால் அடையாற்றின் முகத்துவாரம். அங்கே பாதியில் நிற்கிறது 'உடைந்த பாலம்'. ஆற்றைக் கடந்து சாந்தோம் பக்கம் போய்வர மீனவர்களுக்காக 1967-ல் கட்டப்பட்டது. 1977-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் சரிசெய்யவில்லை. சினிமாக்காரர்கள் மட்டும் விடவில்லை. எத்தனையோ படங்களில் காதலும் சண்டையும் இந்தப் பாலத்தில் நடந்திருக்கின்றன.

குளிர்காலத்தில் இங்கே வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். ஆனால் ஆற்றுத் தண்ணீரின் வாடையும் சேர்ந்தே வரும். நகரத்தின் சாக்கடை எங்கே போகிறது என்று குழந்தைகள் கேட்டால், இந்த இடத்தைக் காட்டினால் போதும். இருட்டிய பிறகு இந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. பாலத்தின் விளிம்பில் ஏறிப் படமெடுக்கும் ஆசையும் வேண்டாம்.

திரும்பித் தெற்கே நடந்தால் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் வரும். விடிவதற்கு முன்பே கிளம்பிய ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும் நேரம் இது. வலையைப் பிரித்து, சிக்கிய மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நெத்திலி, சங்கரா, காரப்பொடி, கானாங்கத்த... அன்றைக்குக் கடல் என்ன கொடுத்ததோ அது. மார்க்கெட்டில் பார்த்த மீனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். மீனின் கண்ணில்!

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இது நமக்கு பீச். அவர்களுக்கு வீட்டு வாசல், பட்டறை, களம் எல்லாமே. காயப்போட்ட வலையைச் செருப்புக் காலோடு மிதித்தால் ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து கட்ட வேண்டியது அவர்கள்தான். போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை, "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டால் போதும். மீன் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. ஒரு பை கொண்டு போங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் நிற்கும் அந்த நாள்களில், நகரத்துக்குப் புதுமீன் கொடுப்பதில் இதுபோன்ற குப்பங்களின் சின்னப் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கடல் பொங்கினால் முதல் அடியும் இவர்களுக்குத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் குப்பங்களில் யாரும் மறக்கவில்லை.

பெயருக்குப் பின்னால் ஆள்கள்

நடந்துகொண்டே ஒரு விளையாட்டு விளையாடலாம். இந்தக் கரையில் உள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள்.

எலியட்ஸ் பீச்: ஆங்கிலேயர் காலத்தில் சென்னையின் தலைமை மாஜிஸ்ட்ரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயர். பெசன்ட் நகர்: அன்னி பெசன்ட். ஆல்காட் குப்பம்: அமெரிக்காவில் இருந்து வந்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். பக்கத்தில் இருக்கும் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். சபை 1882-ல் அடையாறுக்குக் குடிவந்தது. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்காக 1894-ல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளி, இந்தக் கரையில் இருந்து கூப்பிடு தூரம்தான்.

பீச்சுக்கு அடையாளமாக நிற்கும் வெள்ளை வளைவுக்கும் ஓர் ஆள் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய், தானே மூழ்கிப்போனார். அதன் நினைவாகக் கட்டியதுதான் இந்த மண்டபம். எத்தனையோ பேர் இதன் நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். கல்வெட்டைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

இத்தனை வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர் மட்டும் பழைய கிராமத்தின் பெயராகவே நிற்கிறது: ஊரூர். ஆல்காட்டும் பெசன்டும் கப்பல் ஏறி வருவதற்கு முன்பே இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதை அந்த மூன்றெழுத்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2015-ல் இங்கே 'ஊரூர் ஆல்காட் குப்பம் விழா' தொடங்கியபோது பலரும் திரும்பிப் பார்த்தார்கள். சபாக்களில் மட்டுமே கேட்டுப் பழகிய கர்நாடக சங்கீதம், மீன் வாடை அடிக்கும் தெருவுக்கு வந்தது. அதே மேடையில் பறையாட்டமும் கட்டைக்கூத்தும் ஏறின.

இரண்டாவது ஷிஃப்ட்: மாலை 4.30, நம்ம நேரம்

வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் சென்னைக்காரர்கள் காத்திருப்பது கடல் காற்றுக்காக. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வரும். தி.நகரில் வியர்த்துக் கொட்டும்போது பெசன்ட் நகரில் துப்பட்டா பறப்பது இதனால்தான்.

ஷ்மிட் மண்டபத்தில் இருந்து தெற்கே நடந்தால் வேளாங்கண்ணி மாதா கோயில். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி உடையில் பல ஊர்களில் இருந்து நடந்தே வருவார்கள். அதைத் தாண்டினால் 1976-ல் குடமுழுக்கு கண்ட அஷ்டலட்சுமி கோயில். கோயிலை ஒட்டி ஓடைக்குப்பம். இன்னும் கொஞ்சம் தள்ளி அறுபடை வீடு முருகன் கோயில். சாமி கும்பிட வந்தவர்கள் அப்படியே மணலில் இறங்க, மணலுக்கு வந்தவர்கள் அப்படியே சாமி கும்பிட... யார் எதற்கு வந்தார்கள் என்று பிரிக்க முடியாது.

ஒரு சின்ன ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடலில் சூரியன் மறைவதை இங்கே பார்க்க முடியாது. கிழக்குக் கடற்கரை. உதயம்தான் நமக்கு. ஆனால் பௌர்ணமி சாயங்காலம் வந்து பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் அபார்ட்மென்ட்களுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில், முன்னால் கடலில் இருந்து ஆரஞ்சு நிறத்தில் நிலா எழும். டிக்கெட் போட்டுக் காட்டினாலும் தகும்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக மெரினாவில் 2022-ல் மரப்பாதை அமைத்தார்கள். பெசன்ட் நகரிலும் இப்போது அப்படி ஒரு பாதை இருக்கிறது. "எனக்கு எதுக்கும்மா பீச்?" என்று வீட்டிலேயே இருந்துவிடும் தாத்தா பாட்டியைக் கூட்டிவர இது ஒரு நல்ல காரணம்.

கால் நனைக்கலாம், அவ்வளவுதான்

ஷ்மிட் மண்டபம் வெறும் அழகுக்கு நிற்கவில்லை. இங்கே கடல் பார்க்க சாதுவாக இருக்கும், ஆனால் இழுக்கும். கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். ஏதாவது ஓர் இடத்தில் குறுகலாகச் சேர்ந்து, வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, மற்ற இடத்தைவிட அமைதியாகத் தெரியும். 'இங்கதான் அலையே இல்ல, இறங்கலாம்' என்று நினைக்க வைப்பதும் அதுவே. உண்மையில் அதுதான் ஆபத்தான இடம்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு மூச்சை வீணாக்கக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வர வேண்டும். ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால் நீச்சல் பழக்கம் இல்லாதவர் பின்னாலேயே குதிக்க வேண்டாம். குப்பத்து ஆள்களைக் கூப்பிடுங்கள். மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள்.

கரை ஒதுங்கும் அழகான பொருள்களையும் கையால் தொட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, பெசன்ட் நகர் கரையில் 'நீல டிராகன்' எனப்படும் கடல் நத்தைகள் ஒதுங்கின. விரல் நீளம்கூட இருக்காது. பார்க்க நகைக்கடை பதக்கம் மாதிரி இருக்கும். ஆனால் கொட்டும். சொறிமீனும் அப்படித்தான்.

தெற்கே போகப் போக...

திருவான்மியூரில் கூட்டம் குறையும். இதுவும் பழைய ஊர். தேவாரம் பாடப்பெற்ற மருந்தீசுவரர் கோயில் கடலில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான். ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் வளாகமும் இந்தப் பக்கம்தான்.

மணல் மேட்டில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும் கொடியைக் கவனியுங்கள். அடம்பங்கொடி. இலை ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்திருக்கும். பக்கத்திலேயே முள் பந்து போலக் காற்றில் உருண்டு ஓடுவது இராவணன் மீசைப் புல்லின் காய். இந்த இரண்டும்தான் மணலைக் காற்று அள்ளிப்போகாமல் பிடித்து வைக்கின்றன. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சும்மாவா சொன்னார்கள்!

2019 ஆகஸ்ட் 18 ராத்திரி, இந்தப் பக்கத்துக் கரையில் அலைகள் நீல நிறத்தில் மின்னின. வாட்ஸ்அப்பில் வீடியோ பரவி, நள்ளிரவில் குடும்பம் குடும்பமாக மக்கள் கிளம்பி வந்தார்கள். அலை கலக்கும்போது ஒளிவிடும் நுண்ணுயிர்களின் வேலை அது. எப்போது வரும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை... ஒவ்வொன்றிலும் ஒரு குப்பம். காலையில் பார்த்த அதே காட்சி, வேறு முகங்களோடு.

மூன்றாவது ஷிஃப்ட்: இரவு 12 மணி, அவளுடைய நேரம்

டிசம்பர் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை, ஊர் தூங்கிய பிறகு இந்த மணலுக்கு வருகிறவள் பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. அலையோடு ஒதுங்கி, துடுப்பு போன்ற கால்களால் தவழ்ந்து மேலே ஏறுவாள். பின்னங்காலால் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டி, நூறுக்கும் மேல் முட்டை இடுவாள். மணலை மூடி, உடம்பால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுவாள். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

அதற்குப் பிறகு முட்டைகளுக்குக் காவல் மணல்தான். நாய் தோண்டும். ஆள்கள் மிதிப்பார்கள். அதனால்தான் 1988-ல் இருந்து எஸ்.எஸ்.டி.சி.என் என்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், ஆமைப் பருவத்தில் ஒவ்வோர் இரவும் நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். நாம் சாயங்காலம் காற்று வாங்க நடக்கும் அதே தூரம், அவர்கள் நள்ளிரவில் டார்ச்சைக்கூட அவசியத்துக்கு மட்டும் போட்டு நடப்பது.

மணலில் டிராக்டர் டயர் தடம் போல ஒரு கோடு தெரிந்தால் நிற்பார்கள். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். எங்கே மணல் இளகிக் கொடுக்கிறதோ அங்கே கூடு. முட்டைகளை எண்ணி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். வனத்துறையும் பொரிப்பகம் நடத்துகிறது.

சுமார் 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளியே வந்ததும் அவை தேடுவது வெளிச்சத்தை. ஆயிரமாயிரம் வருடங்களாக ராத்திரியில் வெளிச்சமான பக்கம் என்றால் அது கடல்தான். இப்போது? தெருவிளக்கும் ரெசார்ட் விளக்கும் கடலைவிடப் பிரகாசம். குஞ்சு ரோட்டைப் பார்த்து நடக்கிறது. கடலோர வீடுகளிலும் விடுதிகளிலும் கடல் பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லி ஆர்வலர்கள் வருடா வருடம் கேட்பது இதனால்தான்.

2025 ஜனவரி சொன்னது என்ன?

அந்த மாதம் காலை நடைக்கு வந்தவர்கள் பார்த்த காட்சி வேறு. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, வரிசையாக ஒதுங்கிக் கிடந்த ஆமைகள். சென்னையிலும் அண்டை மாவட்டக் கரைகளிலும் சில வாரங்களில் செத்து ஒதுங்கியவை ஆயிரத்துக்கும் மேல்.

ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை வலை மணிக்கணக்கில் கடலுக்கடியில் இழுபடும்போது உள்ளே சிக்கும் ஆமை மூச்சு முட்டிச் சாகிறது. முட்டையிட வரும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக்கூடாது என்ற தடை ஏட்டில் இருக்கிறது. சிக்கிய ஆமை தப்பித்துப் போக வலையில் பொருத்தும் சாதனமும் இருக்கிறது. இரண்டும் கடலில் நடைமுறையில் இருந்தால் அத்தனை உடல்கள் ஒதுங்கியிருக்காது.

இதில் காலையில் நாம் பார்த்த குப்பத்துச் சின்னப் படகுகளையும் பெரிய இழுவைப் படகுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குப்பத்து ஃபைபர் படகுகள் அப்படி அடிக்கடலை வாரி இழுப்பதில்லை. கரையோரக் கடலைப் பெரிய வலைகள் அரித்தெடுத்தால் ஆமைக்கு உயிர் போகிறது, இவர்களுக்கு அன்றைய மீன் போகிறது. முதல் ஷிஃப்ட்டுக்கும் மூன்றாவது ஷிஃப்ட்டுக்கும் எதிரி ஒன்றுதான்.

இரண்டாவது ஷிஃப்ட்டில் இருக்கும் நாம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. போகும்போது பிளாஸ்டிக்கை விட்டுப் போகாமல் இருப்பது. மணலில் தோண்டிய குழியை மூடிவிட்டுப் போவது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃப்ளாஷ் அடித்து ரீல்ஸ் எடுக்காமல் இருப்பது.

நடக்கக் கிளம்புகிறீர்களா?

* எப்படிப் போவது: பெசன்ட் நகர் பஸ் நிலையத்துக்கு 29சி, 23சி உள்ளிட்ட மாநகரப் பேருந்துகள் உண்டு. தெற்கில் இருந்து தொடங்க, பறக்கும் ரயிலில் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.
* எவ்வளவு நேரம்: முழு 7 கி.மீ மணலில் நடக்க இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். குழந்தைகளோடு என்றால் ஷ்மிட் மண்டபம் முதல் திருவான்மியூர் வரையிலான சுமார் 2 கி.மீ போதும்.
* எங்கே கால் வைப்பது: அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் இறுகியிருக்கும், கால் வலிக்காது. உலர்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் பேசும்.
* எந்த மாதம்: டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை இதமான காலம். அக்டோபர், நவம்பர் மழையில் கடல் மணலைத் தின்றுவிட்டு, சில இடங்களில் நடக்க வழியே இருக்காது. புயல் எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.
* கையில் என்ன: தண்ணீர் பாட்டில், தொப்பி, குப்பைக்கு ஒரு பை, மீனுக்கு ஒரு பை.
* ஆமை பார்க்க: பருவத்தில் வார இறுதி இரவு நடையில் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம். தனியாக டார்ச்சோடு தேடிப் போக வேண்டாம். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்கள் மார்ச், ஏப்ரல் சாயங்காலங்களில் பெசன்ட் நகர் பொரிப்பகம் பக்கம் போய்ப் பாருங்கள். குஞ்சு பொரித்த நாளாக இருந்தால், சூரியன் சாய்ந்ததும் கூடையில் கொண்டுவந்து ஈர மணலில் விடுவார்கள்.

உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தக் குஞ்சுகள் முதல் அலையில் உருண்டு விழும். மறுபடி எழுந்து, மறுபடி கடலைப் பார்த்தே நடக்கும். கூட்டத்தில் ஒரு குழந்தையாவது "போ, போ!" என்று கத்தும். பிழைத்து வளரும் பெண் குஞ்சு, பத்துப் பதினைந்து வருடம் கழித்து, முட்டையிட மறுபடி இந்தப் பக்கத்துக் கரைக்கே வரும். அப்போது அவளுக்கு இங்கே மணலும் வேண்டும், இருட்டும் வேண்டும்.